இறக்கத்தில் கிராஷி

கணவாயின் உச்சியில் சைக்கிளை வேலிக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, கிராஷி குந்தி உட்கார்ந்து பின் பிரேக்கின் ரப்பர் கட்டையை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறாள். பிறகு முன் பிரேக். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுக்கிறாள். ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள். பழைய செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு திணிக்கிறாள். இறக்கத்தில் அடிக்கும் குளிருக்கு அதைவிட நல்ல கவசம் கிடையாது என்பது அவள் கட்சி. "கொஞ்சம் இருடி, இதோ ஆச்சு" என்கிறாள். சொல்லிவிட்டுப் புதர்ப்பக்கம் ஒதுங்கப் போகிறாள்.

"நான் கல்யாணப் பொண்ணுக்குத் தலை பின்னக்கூட இவ்ளோ நேரம் எடுத்ததில்ல" என்பாள் ஒசானே. எங்கள் பள்ளத்தாக்கின் எலிசோண்டோ ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். விடுமுறை கிடைத்தால் போதும், இரண்டு பேரும் கேரியரில் பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். லாரி போகும் பெரிய சாலைகளில் இல்லை. ஆடும் மூடுபனியும் மட்டும் போகும் மலைச்சாலைகளில்.

கிராஷி பள்ளிக்கூடச் சமையற்காரி. ஐம்பது தாண்டியவள், அண்டா தூக்கித் தூக்கி உரமேறிய தோள். ஏற்றத்தில் அவளை முந்த எங்கள் பள்ளத்தாக்கில் ஆளில்லை. பாதி மலையில் நின்று மூச்சுவாங்கும் வாலிபர்களை, சோள ரொட்டியைக் கடித்துக்கொண்டே தாண்டிப் போவாள். "ஏறும்போது யாருடா செத்திருக்கா? மூச்சுதான் வாங்கும்" என்பாள். இறக்கம் என்றால் கதை வேறு. இரண்டு கையும் பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அவள் வருவது மூன்று வளைவுக்கு முன்பே கேட்கும். அதனால் அவளுக்குப் பட்டப்பெயர் 'கீச்சு'.

எப்போதோ விழுந்து எழுந்த பயம் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. அவள் வாழ்நாளில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. பயமே அதுதான். "எல்லாரும் விழுந்தாச்சு. என் பங்கு இன்னும் பாக்கி" என்பாள். அப்படியானால் வீட்டிலேயே இருக்கலாமே என்று கேட்டால், அதற்கும் பதில் உண்டு: "வீட்ல தனியா உக்காந்தா இதைவிட பயமா இருக்கு."

போன அக்டோபரில் இருவரும் தெற்கே சுற்றிவிட்டு, ஆர்த்தெசியாகா கணவாய் வழியாக ஊர் திரும்பினார்கள். எயுகி ஊர்ப் பக்கமாக ஏறும்போது நல்ல வெயில். உச்சிக்கு வந்ததும் எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லை. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக மூடிக்கிடந்தது. சாலை அதற்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. உள்ளேயிருந்து குதிரைகளின் கழுத்து மணி மட்டும் கேட்டது.

"திரும்பிப் போயிடலாமா?" என்றாள் கிராஷி.

"போய்? நாளைக்கு மூணு பேருக்கு சாயம் போடணும்டி எனக்கு. மெதுவா வா. மாட்டுத்தடுப்புக் கம்பிகிட்ட நிக்கிறேன்." ஒசானே ஒரு மிதி மிதித்தாள். பின்விளக்கின் சிவப்பு சற்று நேரம் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

கிராஷி தன் சடங்குகளை முடித்துக்கொண்டு இறங்கினாள். முன்சக்கரத்துக்கு அப்பால் இரண்டு முழம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பீச் மரத்து இலைகள் நனைந்து சாலையோடு ஒட்டிக் கிடந்தன. ஒரு குட்டைக் குதிரை பனிக்குள்ளிருந்து முகத்தை நீட்டி, அவளைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போயிற்று. மாடுகள் தாண்டாதபடி சாலையின் குறுக்கே பதித்த கம்பிகள் சக்கரத்துக்கடியில் கடகடத்தன. நிறுத்தினாள். அங்கே யாரும் இல்லை.

"ஒசானே!"

குரல் பஞ்சில் விழுந்ததுபோல அமுங்கிப் போயிற்று. கைப்பேசியில் சிக்னல் இல்லை. காபி குடிக்க ஊருக்கே போயிருப்பாளோ? ஒசானே வாயாடி, கிண்டல்காரி. ஆனால் நிற்கிறேன் என்று சொன்ன இடத்தில் நிற்காமல் போனவள் அல்ல. அப்படியென்றால் அவள் மேலே இருக்கிறாள். வழியில் அவளைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம் என்பது உறைத்ததும், கிராஷி சைக்கிளைத் திருப்பினாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சாலையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே திரும்பவும் மேலே நடந்தாள். ஒரு வளைவில் புதுச் சாணம். அதன் நடுவே சக்கரம் இழுத்துக்கொண்டு போன கோடு. கோடு முடிந்த இடத்தில் பெரணிச் செடிகள் மடங்கிக் கிடந்தன. அதற்குக் கீழே வெள்ளை.

"ஒசானே!"

"கத்தாதடி." குரல் அடியிலிருந்து வந்தது, சன்னமாக. "குதிரை மறுபடி மிரளப் போகுது."

கிராஷி பின்புறத்தால் தேய்த்துக்கொண்டு, பெரணியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் இறங்குவது எப்படி இருந்தது என்று இன்றுவரை அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு மரத்தில் தடுக்கிக் கிடந்தாள் ஒசானே. தொடைக்குக் கீழே கால் வேறு யாருடையதோ போலத் திரும்பிக் கிடந்தது. கால்சட்டை கருஞ்சிவப்பாக ஊறியிருந்தது. கிராஷி மாற்று டயர் டியூபை எடுத்துத் தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். தன் மேற்சட்டையைப் போர்த்தினாள். சட்டைக்குள்ளிருந்த செய்தித்தாளை உருவி அவள் சட்டைக்குள் நெஞ்சோடு சொருகினாள்.

"நான் பார்க்க எப்படி இருக்கேன்?"

"கேவலமா இருக்க."

ஒசானே சிரிக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. "குளிருது, கிராஷி" என்றாள், அவ்வளவுதான். கிண்டல் நின்றுபோனதுதான் கிராஷியை உலுக்கியது. "இரு. தூங்கிடாத. வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தவழ்ந்து மேலேறினாள். இடம் தெரிவதற்காகத் தன் ஆரஞ்சுநிறப் பையைச் சாலையோரம் வைத்தாள். சைக்கிளில் ஏறினாள். பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்தாள்.

பயம் விலகி ஏதோ ஒரு துணிச்சல் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம் அவளோடேயே வந்தது. வளைவு கண்ணுக்குத் தெரிந்தபோது ஏற்கெனவே வளைவுக்குள் இருந்தாள். பின்சக்கரம் இலைமேல் ஒதுங்கி ஒதுங்கித் திரும்பி வந்தது. கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. பள்ளியின் வாராந்தரச் சாப்பாட்டுப் பட்டியலை உரக்கச் சொல்லிக்கொண்டு போனாள்: "திங்கள் பருப்பு, செவ்வாய் மீன், புதன் கோழி..." வெள்ளிக்கிழமை என்னவென்று நினைவு வரவில்லை. திரும்பத் திங்களிலிருந்து தொடங்கினாள். ஒரு பசு சாலை நடுவே முளைத்தது. அதன் வாலுக்கும் கல்சுவருக்கும் நடுவில் எப்படிப் புகுந்தாள் என்று அந்தப் பசுவுக்குத்தான் தெரியும்.

பனிக்குக் கீழே முதல் பண்ணைவீடு பலேரேயுடையது. மாட்டுக்கொட்டிலில் பரப்பப் பெரணி அறுத்துக்கொண்டிருந்தார் கிழவர். அவர் டிராக்டரில் போய் மோதித்தான் அவள் நின்றாள்.

"யாரு, கீச்சா? சத்தமே இல்லாம வந்தியே, என்ன..." முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஒசானே விழுந்துட்டா. மேல. ரத்தம் நிக்கல."

பலேரே அரிவாளைப் போட்டார். "ஏ பெலிசா! ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!" என்று வீட்டிலிருந்த மனைவியைக் கூப்பிட்டுக் கத்திவிட்டு, கயிறும் கம்பளியும் எடுத்து ஜீப்பில் எறிந்தார். கிராஷியால் கதவைத் திறக்க முடியவில்லை. விரல்கள் கொக்கிபோல மடங்கியே இருந்தன. அவர்தான் திறந்துவிட்டார்.

பை வைத்த இடத்தைக் கண்டுபிடித்தபோது அதைச் சுற்றிக் குதிரைகள் நின்று முகர்ந்துகொண்டிருந்தன. கிராஷி விளிம்பில் மண்டியிட்டுக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொருமுறை கூப்பிட்டாள். செத்தவர் முன்னால் செய்வதுபோல, பலேரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள்.

"தொப்பியைப் போடுங்க!" என்று அவர்மேல் சீறினாள். "போடுங்கன்னு சொல்றேன்ல!"

அப்போது கீழேயிருந்து வந்தது: "யார்டி அங்க சண்டை போடறது?"

மருத்துவமனையில் ஒசானேயின் தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். குளிர்காலம் முழுக்க ஒசானே ஊன்றுகோலோடு, உயரமான முக்காலியில் உட்கார்ந்தபடி முடி வெட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் கீச்சுவின் வீரத்தைச் சொன்னாள். சந்தையில் ஆட்கள் கிராஷியின் தோளைத் தட்டினார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "வீரமும் இல்ல, மண்ணும் இல்ல. இப்போ முன்னைவிட அதிகமா பயப்படறேன். போய் வேலையப் பாருங்க" என்றாள். அது உண்மைதான். அதற்குப் பிறகு ஆற்றுப்பாலத்தின் சரிவில்கூட அவள் பிரேக் கீச்சிடுவதை எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

மே மாதத்தில் ஒசானேதான் அந்தக் கணவாய்க்கே போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மெல்ல ஏறினார்கள். உச்சியில் துளி மேகம் இல்லை. சரிவு அடிவரைக்கும் தெரிந்தது. அந்த மரமும், அந்த மரம் மட்டும் இல்லாவிட்டால் ஒசானே போய் மோதியிருக்கும் பாறையும் தெரிந்தன. கிராஷி பிரேக் கட்டையைச் சுரண்டி முடித்து எழுந்தபோது, ஒசானே இன்னும் சைக்கிளில் ஏறியிருக்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போ. நான் பின்னாடியே வரேன்" என்றாள். குரலைக் கேட்டால் வருகிறவளாகத் தெரியவில்லை.

"நடக்கலாம்."

"கீழ இருரித்தா ஊர் வரைக்குமா? லூசா நீ?"

"மழை வராது."

நடந்தார்கள். பம்ப்லோனா நகரத்திலிருந்து வந்த ஒரு சைக்கிள் கூட்டம் விர்ரென்று தாண்டியது. "என்னக்கா, பஞ்சரா?" என்று ஒருவன் கத்தினான்.

"ஆமா, ரெண்டும்!" என்றாள் கிராஷி.

ஒசானே சிரிக்க முயன்றாள். ஒசானே விழுந்த வளைவு வந்தது. அங்கே பெரணி புதிதாகச் சுருள் விரித்திருந்தது. ஒசானேயின் நடை தயங்கியது. கிராஷி தன் சைக்கிளை அவளுக்குப் பின்னால் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்து, கீழே பார்க்காமல், பள்ளத்தின் பக்கம் மாறி நடந்தாள்.