கிணற்றுத் தண்ணீரும் என் கையெழுத்தும்

இங்கிலாந்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த மார்கரெட் ஒருநாள் புதுத் தோல்பை வாங்கி வந்தாள். அதற்குள் மூக்கை நுழைத்து, கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்துவிட்டு, வாசனை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். நான் இரண்டடி பின்வாங்கினேன். மாட்டுத்தோல் இந்துவுக்கு ஆகாது போலும் என்று நினைத்து நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டாள். பஸ் ஆம்பூருக்குள் நுழைந்ததும் ஜனம் மூக்கைப் பொத்துமே, அந்தத் தோல் பதனிடும் நாற்றத்தில் வளர்ந்தவன் நான். பின்வாங்கியது வேறொன்றை நினைத்து. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் இங்கிலாந்து வந்தேன். இதயச் செல்லின் சவ்வில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் நுண்ணிய வாயில்கள் உண்டு. அவை திறந்து மூடுவதால்தான் இதயம் துடிக்கிறது. மயிரைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செல்லில் பதித்து, அந்த வாயில்கள் வழியே ஓடும் மின்சாரத்தை அளப்பது என் வேலை. ஊரில் அண்ணன் என்னை 'ஹார்ட் டாக்டர்' என்று சொல்லிவைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனேன். அண்ணன் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனிக் கழிவு பாலாற்றில் இறங்கி, கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பாகியிருந்தன. எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலக்காரர் முனுசாமி மாமா, ஊராரைச் சேர்த்துத் தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுத்திருந்தார். முதலாளிக்கு எதிர்ச்சான்று தேவைப்பட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் பேச்செடுத்தார்.

"ஃபாரின் லெட்டர்னா ஆபீஸ்ல மதிப்பாங்க. அந்தத் தண்ணியால ஒண்ணும் ஆவாதுன்னு நாலு வரி குடுத்துடு. எனக்குப் பேஜாரா இருக்குதுடா."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் கெட்டிக்காரன், பொய் சொல்லாமலே காரியம் முடிக்க வழி தேடினேன். மாமாவின் கிணற்றுத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்தேன். தவளை இதயத்தை நாங்கள் துடிக்க வைப்பதே உப்புக் கரைசலில்தான். உப்புத் தண்ணீர் அதை நிறுத்தாது என்பது கேனை மூடும்போதே எனக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீரை அந்தக் கரைசலோடு பாதிக்குப் பாதி கலந்து, ஒரு தவளை இதயத்தின் வழியே பத்து நிமிடம் ஓடவிட்டேன். இதயம் பாட்டுக்குத் துடித்தது. துடிப்பில் மாற்றம் காணப்படவில்லை என்று பல்கலைக்கழக முத்திரைத் தாளில் தட்டச்சுச் செய்து, கையெழுத்திட்டு அனுப்பினேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இரண்டு வருடம் கழித்துப் போனபோது மனு தள்ளுபடியாகியிருந்தது. விசாரணையில் என் கடிதத்தை உரக்கப் படித்தார்களாம். அண்ணன் வீட்டில் எனக்கென்று ஆலங்காயத்திலிருந்து குடத்தில் நல்ல தண்ணீர் வரவழைத்திருந்தார்கள், எனக்கு மட்டும். மறுநாள் காலை நிலத்துப் பக்கம் போனேன். தென்னைகள் குரும்பையிலேயே காய் உதிர்த்து, மொட்டையாக நின்றன. கிணற்றடியில் இருந்த மாமா கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"தவளைக்கு ஒத்துக்கிச்சாமே தம்பி. எங்க மாட்டுக்குத்தான் ஒத்துக்கல. ரெண்டு கன்னு வயித்துலயே போயிடுச்சு."

அவர் கிணற்றில் சேந்தி, டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"குடிச்சிப் பாரு."

வாயில் வைத்தேன். உப்பும் கசப்பும் நாக்கைப் பிடித்தன. விழுங்க முடியவில்லை. வரப்போரம் திரும்பித் துப்பினேன். மாமா இன்னொரு டம்ளர் சேந்தி, என்னைப் பார்த்தபடியே நிதானமாகக் குடித்து முடித்தார்.

"வெளியூர்க்காரங்களுக்கு இது ஒத்துக்காது தம்பி" என்றார்.

அண்ணன் வீட்டுக்குத் திரும்பியதும் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டேன். அண்ணி ஆலங்காயத்துக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார்.