டெட்ராவில் தொடங்கும் ஐந்து வார்த்தைகள்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு வாரத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு வாரம் கையெழுத்து, ஒரு வாரம் எதிர்ச்சொல் என்று போய்க்கொண்டிருந்தது, ஒரு திங்கட்கிழமை டெட்ராவில் வந்து நின்றது. கிரேக்க மொழியில் டெட்ரா என்றால் நாலு என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டு, அதில் தொடங்கும் இங்கிலீஷ் வார்த்தைகளை அடுத்த திங்கட்கிழமைக்குள் தேடிக்கொண்டு வரச் சொன்னார். டிக்‌ஷனரியைப் பார்த்துக் காப்பியடிப்பவர்களுக்காக இரண்டு நிபந்தனை. வார்த்தையை எங்கே கண்டுபிடித்தோம் என்று சொல்ல வேண்டும். அதற்குள் நாலு எங்கே இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். யார் அதிகம் கொண்டுவருகிறார்களோ அவர்கள் ஆண்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்து வரவேற்புரை சொல்லலாம்.

எனக்கு அந்த மைக் வேண்டும். போன வருஷம் பட்டுக்கடைக்காரர் மகள் பேசினாள். அவள் வீட்டில் கம்ப்யூட்டரும் நெட்டும் இருந்தன. எங்கள் வீட்டில் இரண்டு தறி இருந்தது, ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அம்மா. இரண்டும் சேர்ந்து ஓடும்போது பாடம் படித்தால் என் குரல் எனக்கே கேட்காது. அதனால் நான் தெருவில் இறங்கித் தேடினேன்.

முதல் வார்த்தை எங்கள் ஆரணி பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் கிடைத்தது. மாம்பழ ஜூஸ் வரும் அட்டை டப்பாவுக்கு டெட்ரா பேக் என்று பெயர். நாலு எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எப்படி எண்ணினாலும் ஆறு பக்கம்தான் வந்தது. கடைசியில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக மடித்து ஒட்டியிருந்த நாலு காதுகளைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டேன். மெடிக்கல் ஷாப்காரர் டெட்ராசைக்ளின் என்று ஒரு மருந்தைச் சொன்னார். அதற்குள் நாலு வளையம் கைகோத்து நிற்கும் என்று பில் தாளின் பின்னால் வரைந்தும் கொடுத்தார். லாரி ஓட்டும் என் மாமா, கடலோரத்தில் அலையைத் தடுக்கப் போடும் நாலு கால் சிமெண்ட் கல்லை போனில் காட்டினார். அது டெட்ராபாட். வண்ண மீன் கடையில் டெட்ரா என்று ஒரு சின்ன மீன் இருந்தது. அதில் நாலு எங்கே என்று கேட்டதற்குக் கடைக்காரர், "நாலு ஜோடி வாங்கினா ஒரு ஜோடி ஃப்ரீ, எழுதிக்கோ" என்றார். நான் தொட்டிக்கு முன்னால் நின்று நீலம், சிவப்பு, வெள்ளி, கண்ணில் இருக்கும் கறுப்பு என்று நாலு நிறம் எண்ணி எழுதினேன். இப்போது யோசித்தால் எந்த மீனுக்கும் அப்படி நாலு நிறம் தேற்றிவிடலாம்.

நாலு வார்த்தை ஆயிற்று. பட்டுக்கடை மகளிடம் ஐந்து இருப்பதாக உளவு வந்தது.

அதே வாரம் எங்கள் வீட்டுக்கும் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க தேவிகாபுரத்திலிருந்து வருகிறார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இருபத்தாறு வயது. கோர்ட் பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை பார்த்தாள். எங்கள் தெருவில் தறியில் உட்காராத பெண் அவள் ஒருத்திதான். கழுத்து வரை மூடிய ஜாக்கெட்தான் போடுவாள். குளித்துவிட்டு வரும்போது நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் முள்வேலியில் விழுந்துவிட்டாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். முள்வேலி அவ்வளவு நேராகக் கிழிக்குமா என்று நான் கேட்கவில்லை.

அத்தை பிறக்கும்போதே இதயத்தில் கோளாறோடு பிறந்தவள், ஏழு வயதில் சென்னையில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும், மூச்சு வாங்கும்படியான கடும் வேலை கூடாது, அவ்வளவுதான். இதை ஒளிக்காமல் சொன்னதில் மூன்று இடம் கைவிட்டுப் போயிருந்தது. மூன்று வீட்டாருமே எங்கள் வீட்டு பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். உண்மையைச் சொல்லி அப்பாவுக்கு அலுத்துவிட்டது. நாலாவது இடத்துக்கு அவர் வேறு வழி வைத்திருந்தார்.

"கேட்டா சொல்லலாம். கேக்காததை நாம இன்னாத்துக்கு சொல்லிகினு இருக்கணும்?" என்றார் அம்மாவிடம்.

மாப்பிள்ளை வீட்டிலும் இரண்டு தறி. ஒன்றை மாப்பிள்ளை ஓட்டினார். இன்னொன்று, அவருடைய அம்மாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து சும்மா நின்றது. மருமகள் வந்தால் அது ஓடும் என்று அவர்கள் தரகரிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பே சொல்ல முடியாது. அத்தை சமையலறை வாசலில் நின்று அப்பாவிடம் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"அண்ணே, தறிக்கு உக்கார சொல்றாங்களே."

"பேஜார் பண்ணாத. போய் கொஞ்ச நாள் உக்காந்தா பழகிடும். எல்லாரும் பொறக்கும்போதே நெய்துகினா வந்தாங்க?"

அத்தை அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அண்ணனை எதிர்த்து அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் ஆரணிக்கும் அலைந்தவர் அவர்தான். பாடம் எழுதிக்கொண்டே இதைக் கேட்ட நான், நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்துப் பழகியதால் அத்தைக்குத் தறி என்றால் சோம்பல் என்று முடிவு கட்டினேன். அவளை நினைத்துக் கொஞ்சம் இளக்காரமாகவும் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் பழம் வாங்கப் போயிருந்தார்கள். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு வார்த்தையையும் வெறித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எட்டிப் பார்த்தாள்.

"எத்தினி ஆச்சு?"

"நாலுதான். அவ அஞ்சு வெச்சிருக்கா."

அத்தை தெருவாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து பழுப்பேறிய ஒரு ஃபைலை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் தாளிலேயே அந்த வார்த்தை பெரிதாக டைப் அடித்திருந்தது. டெட்ராலஜி. அதற்குப் பின்னால் ஒரு பிரெஞ்சு டாக்டரின் பெயரும் இருந்தது, அது நம் கணக்கில் வராது என்று அதை விட்டுவிட்டோம். நாலு எங்கே என்று கேட்டேன். அத்தை தாளில் இருந்த இதயப் படத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள், காய்கறி வாங்கி வந்த விவரம் சொல்வதுபோல நிதானமாக. நான் எழுதிக்கொண்டேன். யாருடைய ஃபைல் என்று கேட்டேன். "என்னோடதுதான்" என்றாள். நீ முள்வேலியில்தானே விழுந்தாய் என்று கேட்டதற்குச் சிரித்தாள். மிஸ்ஸின் இரண்டு நிபந்தனையும் தீர்ந்துவிட்டதால் மேற்கொண்டு விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, கல்யாணமான அக்கா. அன்று இரண்டு தறியும் நின்றுவிட்டதால் வீடு அந்நியமாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவந்த தட்டில் பூ, பழம், வெற்றிலையோடு புதிதாகப் பாலிஷ் போட்ட ஒரு நாடாவும் இருந்தது. நாடா என்பது தறியில் ஊடு நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் மரத்துண்டு. பெண் பிடித்துவிட்டால் அதை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவது அவர்கள் வீட்டு வழக்கமாம். அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "ரொம்ப நல்ல வழக்கம்ங்க" என்றார்.

அத்தை காபி கொடுத்து, விழுந்து கும்பிட்டு, சுவரோரமாக நின்றாள். எல்லாருக்கும் அவளைப் பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளை காபியைக் குடிக்க மறந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்றைக்கு நிச்சயம் வைக்கலாம் என்பது வரை பேச்சு போயிற்று. யாரும் எதுவும் கேட்கவில்லை, அப்பாவும் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்துகொண்டிருந்தது. அவருடைய முகம் அப்படிக் குளிர்ந்து நான் பல மாதமாகப் பார்த்ததில்லை.

விருந்தாளி வந்தால் பிள்ளைகளை இங்கிலீஷில் ஏதாவது சொல்லச் சொல்வது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. மாப்பிள்ளையின் அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "இங்கிலீஷ் மீடியமா? ஒரு ரைம்ஸ் சொல்லு கண்ணு" என்றாள். ஐந்தாம் வகுப்பில் ரைம்ஸா என்று எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

"அவ ரைம்ஸ்லாம் சொல்ல மாட்டாங்க" என்றாள் அத்தை. "பாப்பா, நாளைக்கு மிஸ் கிட்ட சொல்லணுமே, அந்த நோட்டை எடுத்தா. ஜல்தி."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயைத் திறந்ததே அதிகம். ஆனால் அப்பா சந்தோஷமாக இருந்ததால் அவரும் "எடுத்தா, எடுத்தா" என்றார். நான் நோட்டோடு வந்து நடுக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். டெட்ரா பேக்கின் நாலு காதுக்கு எல்லாரும் சிரித்தார்கள். டெட்ராசைக்ளினுக்கு மாப்பிள்ளையின் அப்பா தலையாட்டினார். கல்லுக்கும் மீனுக்கும் பாராட்டு கிடைத்தது. நான் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு ஐந்தாவதைத் தொடங்கினேன். இது எங்கள் வகுப்பில் யாரிடமும் இல்லாத வார்த்தை என்றும் சொல்லிக்கொண்டேன்.

"டெட்ராலஜி. இது ஒரு இதய நோய். ஒண்ணு, இதயத்தோட நடுச்சுவத்துல ஓட்டை. ரெண்டு, நுரையீரலுக்கு ரத்தம் போற வழி குறுகிப் போயிருக்கும். மூணு, பெரிய ரத்தக்குழாய் அந்த ஓட்டைக்கு மேல நகர்ந்திருக்கும். நாலு, வலது பக்கச் சதை தடிச்சிருக்கும். எங்கே கண்டுபிடிச்சேன்னா, எங்க அத்தையோட ஆஸ்பத்திரி ஃபைல்ல."

கைதட்டல் வரும் என்று காத்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "எந்த அத்தை?" என்று கேட்டார். எனக்கு ஒரே ஒரு அத்தைதான். கையைக் காட்டினேன்.

அப்பா எழுந்துவிட்டார். ஏதோ சின்ன வயதில், இப்போது ஒன்றுமில்லை, என்று தொடங்கி முடிக்காமல் நிறுத்தினார். அந்த அம்மாள் அவரை விட்டுவிட்டு அத்தையிடமே கேட்டார். குரலில் கோபமில்லை.

"தறி நெய்வியாம்மா?"

"முடியாதுங்க" என்றாள் அத்தை. "வீட்டு வேலை எல்லாம் செய்வேன். வேலைக்கும் போறேன். தறி மட்டும் டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவர்கள் பத்து நிமிஷம் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்கள். எழுந்துகொள்ளும்போது அந்த அம்மாள் பூவையும் பழத்தையும் எங்களுக்கே வைத்துவிட்டு, நாடாவை மட்டும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வேன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அம்மா என் காதைப் பிடித்துவிட்டாள். முதுகில் இரண்டு அடி விழுந்தது. நோட்டில் அந்தப் பக்கம் கிழிந்தது. "ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்துட்டியேடி" என்று அவள் அழுதுகொண்டே அடித்தாள். அப்பா என்னை அடிக்கவில்லை. அவர் தறியில் போய் உட்கார்ந்து, நெய்யாமல், முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். எனக்கு அடியைவிட அதுதான் பயமாக இருந்தது. அந்த ஃபைல் என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். பீரோவில் நானே எடுத்தேனா என்றும் கேட்டார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். ஃபைலை எடுத்துக் காட்டியவள் அவள், நோட்டை எடுத்துவரச் சொன்னவளும் அவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் காது தப்பியிருக்கும். அவள் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெருந்தன்மையால் அல்ல, அழுகையில் வார்த்தை வரவில்லை.

மறுநாள் வகுப்பில் நாலு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதானா என்று மிஸ் கேட்டார். அவ்வளவுதான் மிஸ் என்றேன். கேட்டும் சொல்லாமல் இருந்ததில் நான் அப்பாவையே மிஞ்சிவிட்டேன். பட்டுக்கடை மகள் ஐந்து வார்த்தை சொல்லி மைக்கைக் கொண்டுபோனாள்.

ஆனால் எனக்கு மைக் போனதைவிட ஆறாத கோபம் வேறொன்றில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அம்மா படுத்துவிட்டாள். அப்பா வெளியே போய்விட்டார். நான் தேம்பிக்கொண்டே தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். அத்தை பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க வயிறு சரியில்லை என்று மோரைக் குடித்துக்கொண்டு திரிந்தவள், சோறு, சாம்பார், விருந்தாளிகள் மிச்சம் வைத்த பஜ்ஜி என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டாள். என்னைப் பார்த்ததும் ஒரு பஜ்ஜியை நீட்டினாள். நான் வாங்காமல் திரும்பிவிட்டேன். கல்யாணமே நின்றுபோய், என் காது சிவந்து, அப்பா அழுதிருக்கிற வீட்டில் ஒருத்திக்கு எப்படிச் சோறு இறங்கும் என்று நினைத்தேன். வெகுநாள் வரை அத்தையை நெஞ்சில் ஈரமில்லாதவள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பத்து வயதில் எனக்குப் பயந்தால் அழுகை வரும் என்பது மட்டும்தான் தெரியும். பயம் விட்டால் பசிக்கும் என்று தெரியாது.