சவுக்குத் தோப்பின் ஒன்பது வரிசைகள்

இருபது ஆண்டுகளுக்கு முன் பிறர் உழைப்புக்கு நான் கேடயம் வாங்கினேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் பயணத்தைச் சொல்ல வேண்டும். பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமம். கடல் மணல் வீடுகளுக்குள் அடிக்காமலிருக்க அங்கே சவுக்குக் கன்றுகள் நட்டோம். அரசு வேலை, நான் பொறுப்பதிகாரி. நட்டதோடு பணம் தீர்ந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஒன்பது பெண்கள் ஆளுக்கொரு வரிசை எடுத்துக்கொண்டு, இரண்டு கோடை முழுக்கக் குடம் சுமந்து கன்றுகளைப் பிழைக்க வைத்தார்கள். 'என் நேரடி மேற்பார்வையில் வளர்ந்தது' என்று அறிக்கை எழுதினேன். அவர்களுடைய பெயர்களைக்கூட நான் கேட்டதில்லை.

அந்தத் தோப்பில் இப்போது கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று மருமகன் சொன்னார். கேடயத்தைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பினேன்.

காலை 9.10. கடலூரில் சிதம்பரம் பேருந்து ஏறிப் புதுச்சத்திரத்தில் இறங்கினேன். அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோ, இருநூறு ரூபாய். தனியாகக் கூடாரத்தில் தங்கப்போகிறேன் என்றதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வீட்ல எதுனா சண்டையா சார்?"

11.00. தோப்பைப் பார்த்ததும் ஆட்டோவிலிருந்து இறங்க மறந்தேன். முழங்கால் உயரத்தில் நான் விட்டுப்போன கன்றுகள் மூன்று ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. உள்ளே ஐந்து பச்சைக் கூடாரங்கள், ஒரு கீற்றுக் கொட்டகைச் சமையலறை. அலை ஓசையும் சவுக்கின் இரைச்சலும் தவிர வேறு சத்தமில்லை. நுழைவாயிலில் எங்கள் துறையின் பெயர் மட்டும் எழுதிய பழைய பலகை.

நடத்துபவர் அஞ்சலை, அறுபது வயதிருக்கும். ஓர் இரவுக்குச் சாப்பாட்டோடு எழுநூறு ரூபாய் என்றார். எந்த வரிசையில் இடம் வேண்டும் என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை.

"செல்வி வரிசையில காத்து ஜாஸ்தி. காசியம்மா வரிசையில நல்ல நெழலு. அவுங்க செத்து நாலு வருசம் ஆவுது. வரிசை அவுங்களுதுதான்."

தண்ணீர் ஊற்றியவளின் பெயர்தான் வரிசைக்கும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். காசியம்மா வரிசையில் தங்கினேன்.

மாலை 4.00. அஞ்சலையும், அந்த ஒன்பது பேரில் இன்னொருவரான சரோஜாவும் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். ஜீப்ப வுட்டு எறங்காம குந்திக்கினு இருப்பீங்களே" என்றார் அஞ்சலை.

அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். கேடயத்தை எடுத்து முன்னால் வைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்வாரா, எழுந்து போகச் சொல்வாரா என்று காத்திருந்தேன். அவர் மீனின் செதிளை உரசிக்கொண்டே இருந்தார்.

"பேப்பர்ல படம் வந்துச்சே சார், ஊருக்கே தெரியும். யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதான் நெனச்சிக்கினு இருந்தீங்க."

சரோஜா கேடயத்தைத் தூக்கிப் பார்த்து, நல்ல கனம் என்று பாராட்டி, காற்றில் பறக்காமலிருக்கக் குழம்புச் சட்டியின் மூடிமேல் வைத்தார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் காலை 6.00. தெற்கே புதிதாக நட்ட கன்றுகளைக் காட்டி, அஞ்சலை என்னிடம் ஒரு குடத்தைக் கொடுத்தார். இன்னும் சூடேறாத மணலில் கால் புதைய நான்கு கன்றுகளுக்கு ஊற்றுவதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு வரிசைக்கு நூற்றிருபது மரம். புறப்படும் முன் ஒன்பது பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் அறிக்கையையும் பலகையையும் திருத்தக் கேட்டு, பெயர்களோடு துறை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பழைய கோப்பு, திருத்த வழியில்லை என்று பதில் வந்தது. அஞ்சலைக்குப் போன் செய்து சொன்னேன். என் நான்கு கன்றுகளில் இரண்டு பட்டுப்போனதாகவும் இரண்டு தழைத்ததாகவும் அவர் சொன்னார். செம்மண்டலத்தில் அந்த இரண்டைப் பற்றி நான் சொல்லாத ஆளில்லை.

இந்தக் கட்டுரையைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். "ஊரு பேரு போடாதீங்க, கூட்டம் சேந்துரும். எங்க பேரப் போடுங்க. கடல் பக்கத்துலேருந்து வரிசையா."

வரிசையாகவே எழுதுகிறேன்: செல்வி, மரியபுஷ்பம், அஞ்சலை, வள்ளி, தனபாக்கியம், சரோஜா, லூர்துமேரி, முனியம்மாள், காசியம்மாள்.