படத்துக்கு வைத்த பொட்டு

நான் வரைவதற்குப் பெயர் கான்கிரீட் ஓவியம். எங்கள் ஊர்ப் பக்கம், கணபதியில், இதைச் சொன்னால், "சிமெண்டுலயாங்க வரையறீங்க?" என்பார்கள். முன்பெல்லாம் பொறுமையாக விளக்குவேன். இப்போது "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.

விளக்கம் ஒன்றும் பெரிதில்லை. என் படத்தில் மரம், முகம், மலை எதுவும் இருக்காது. மரத்தைப் பார்த்து அதை முக்கோணமாகச் சுருக்கியதும் கிடையாது. சதுரம் சதுரம்தான், நீலம் நீலம்தான். அது வேறெதற்கும் அடையாளம் இல்லை. எந்தக் கோடு எங்கே, எந்த நிறம் எவ்வளவு அகலம் என்று எல்லாவற்றையும் தாளில் முடிவு செய்த பிறகே கேன்வாஸைத் தொடுவேன். நடுவில் மனம் மாறக் கூடாது. தூரிகை போன தடம்கூடத் தெரியக் கூடாது. இந்தக் கறார்தான் எனக்குப் பிடித்தது. "இது ஜன்னலுங்களா, பெட்டியுங்களா?" என்று கேட்கிற உறவினர்கள் மேல் எரிச்சல் வருவதும் அதனால்தான்.

அண்ணன் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. அது இன்னும் மோசம். அவருடைய லேத்துப் பட்டறையின் மாடியில்தான் நான் வரைகிறேன். யாராவது விசாரித்தால், "அம்மணி மேல பொழுதுபோக்கிட்டு இருக்குதுங்க" என்பார். பாசத்தோடுதான் சொல்வார். ஆனாலும் அந்தப் 'பொழுதுபோக்கு' ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும். அவர் பாராட்ட வேண்டாம், அவருக்குப் புரியக்கூட வேண்டாம். நான் செய்வதும் வேலைதான் என்று ஒரே ஒரு தடவை நினைத்தால் போதும் என்று ஏங்கியிருக்கிறேன்.

போன ஆயுத பூசைக்குப் பட்டறையைக் கழுவிவிட்டு அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார். லேத்து, டிரில்லிங் மிஷின், கம்ப்ரசர், ஸ்பானர், துடைப்பம் வரை பொட்டு வைப்பார். விட்டால் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் வைத்துவிடுவார். மாடிக்கு மட்டும் அந்தக் கிண்ணம் வந்ததே இல்லை.

மறுநாள் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு நான் எடுத்துப்போக வேண்டிய படம் மாடியில் சுவரோரம் சாய்ந்திருந்தது. வெள்ளைப் பரப்பில் மூன்று நீலச் சதுரங்கள், ஒரு மஞ்சள் பட்டை. ஒரு மாத உழைப்பு. கடைக்குப் போய்ப் பூவும் பொரியும் வாங்கிக்கொண்டு திரும்பினால், படத்தின் நான்கு மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

எனக்கு வந்த கோபத்தில் படியிலேயே நின்று கத்தினேன். "ஏனுங்ணா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? நாளைக்கு ஊருக்குப் போற படமுங்க!"

கீழே கிண்ணத்தோடு நின்றவர் மிரண்டுபோனார். "எல்லா வேலைச் சாமானுக்கும் வெச்சேன் கண்ணு. உன்ற வேலைக்கும் வெச்சுப்போட்டேன். தப்பா?"

அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் கோபத்தில் மனதில் ஏறவில்லை. உள்ளே போய் ஒரு பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் வெள்ளையில் இழுவிக்கொண்டு இளஞ்சிவப்பாகப் பரவியது. இனி மூலைகளுக்குத் திரும்பவும் வெள்ளை அடித்தே ஆக வேண்டும்.

வெள்ளை அடிக்கும் இடத்தைச் சுற்றி அளந்து டேப் ஒட்டுவதற்காக ஸ்கேலைத் தேடினேன். மேஜையில் இல்லை. ஜன்னலோரம் கிடந்தது, சந்தனம் பட்ட விரல் தடத்தோடு. எடுத்து இன்னொரு மூலையில் வைத்துப் பார்த்தேன். மேல் விளிம்பிலிருந்து பொட்டு ஓர் அங்குலம், பக்க விளிம்பிலிருந்தும் ஓர் அங்குலம். மீதி இரண்டு மூலைகளும் அப்படியே. ஒன்றைச் சுரண்டினால், சந்தனத்துக்கு அடியில் மெல்லிய பென்சில் புள்ளி வேறு.

லேத்துக்குக் கட்டைவிரலால் அப்பிவிட்டுப் போகிற மனிதர், என் படத்துக்கு அளந்து வைத்திருக்கிறார். மேலே நான் எப்படி வேலை செய்கிறேன் என்று எப்போது பார்த்தார்? எனக்குத் தெரியவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அதற்காகப் பொட்டை விட்டுவைக்க என்னால் முடியாது. படத்தில் நான் முடிவு செய்யாத எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு வெள்ளை அடித்தேன். காய்ந்ததும் படத்தைக் கீழே கொண்டுபோனேன். அண்ணன் மூலைகளைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

நான் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்து மரச்சட்டத்தைக் காட்டினேன். "முன்னால வெக்கக் கூடாதுங்ணா. இங்க வையுங்க."

கிண்ணத்தில் விரலை விடப் போனவர் நிறுத்தினார்.

"மேல போயி உன்ற ஸ்கேல எடுத்துட்டு வா அம்மணி."