நான் வாந்தி எடுக்காத நாள்

பஸ் ஏறினால் வாந்தி எடுக்கிற பிள்ளை என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். முசிறியிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவையாவது பஸ்ஸை நிறுத்த வைத்துவிடுவேன். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஸ்ரீரங்கத்தில் மாமா மகளுக்குக் கல்யாணம். நானும் அம்மாவும் கிளம்பினோம். கூடவே சித்தியும் வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை.

அந்தத் தடவை அம்மா முன்யோசனையோடு இருந்தாள். காலையில் ஒரே ஒரு இட்லி, பாலைக் கண்ணில் காட்டவில்லை. முன் சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்து, வாயில் ஒரு துண்டு உப்பு நாரத்தங்காயைத் திணித்தாள். "கீழ குனிஞ்சு பாக்காத. தூரத்துல தெரியிற தென்னமரத்தையே பாத்துட்டு வா" என்றாள். என்ன அதிசயமோ, வயிறு சமர்த்தாகக் கிடந்தது. பட்டுப்பாவாடையில் ஒரு சொட்டு படவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குணசீலம் தாண்டியதும் பக்கத்திலிருந்த சித்தி சட்டென்று எழுந்தாள்.

"கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்க! பிள்ளைக்கு வயித்தப் பொரட்டுது."

"எனக்கு ஒண்ணுமில்லையே!" என்று கத்தினேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"இந்தப் பாப்பாதானா? எறக்குங்க, எறக்குங்க" என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

"நீ இரு அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அம்மாவை உட்காரவைத்துவிட்டு, சித்தி என்னை இழுத்துக்கொண்டு ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஓடினாள். அங்கே குடல் வெளியே வந்துவிடுமோ என்கிற மாதிரி வாந்தி எடுத்தது அவள்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீதான் எடுத்தேன்னு சொல்லிடுடா கண்ணு" என்று கெஞ்சினாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. பாவமாக இருந்ததால் தலையாட்டினேன்.

திரும்பி ஏறியதும் அம்மா என் வாயைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள். பிறகு சித்தியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எத்தனை நாளாச்சுடி?"

"ரெண்டு மாசம் ஆகப்போகுதுக்கா. நிலைக்கட்டும்னுதான் சொல்லல."

ஓடுகிற பஸ்ஸில், அத்தனை பேர் நடுவில், அம்மா சித்தியைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மீதி நாரத்தங்காய் முழுவதும் சித்தி கைக்குப் போயிற்று.

எனக்கு ஆத்திரமாக வந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறவள் நான். என்னை யாரும் ஒரு தடவைகூட இப்படிக் கட்டிக்கொண்டதில்லை.