பத்தொன்பது எம்எம் ஓட்டை

1. போன்

திண்டுக்கல் பைபாஸில் எனக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு ஒயரிங்தான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

அன்று காலை பதினொரு மணிக்கு வனிதா கூப்பிட்டாள்.

"அண்ணா, இன்வெர்ட்டர்ல சத்தம் கேக்குதுங்க."

"இரைச்சலாம்மா?"

"இல்லீங்ணா. பேச்சு."

வனிதாவுக்குக் கீரனூர். பழைய பெட்ரோல் வேனை வீடாக மாற்றி, அதிலேயே தங்கி வேலை பார்த்தாள். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் செய்யும் வேலை. வேனுக்கு ஒயரிங் நான். கூரையில் சோலார் பேனல், பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி, அதன் பக்கத்தில் லேப்டாப்புக்கும் மோடத்துக்கும் இன்வெர்ட்டர். இன்ஜினிலிருந்து சார்ஜ் ஏறத் தனிக் கேபிள்.

நாலு நாளாக வானம் மூடாக்கு. பேனல் சார்ஜ் ஏற்றவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தாள். "இன்ஜின ஓட விட்டு ஏத்திக்கம்மா" என்று நான்தான் சொன்னேன்.

2. ஆடு ஒதுங்கவில்லை

சின்னாளப்பட்டி தாண்டி ஒரு தென்னந்தோப்பில் வேன் நின்றது. தூறல். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் முருகாயி, ஆடுகளோடு சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"ஏப்பா கரண்டுக்காரரே, அதுல என்னத்த மாட்டி வச்ச? மூணு நாளா இந்த மழைக்குக்கூட ஒரு ஆடு அந்த வண்டிக்கு அடியில ஒதுங்க மாட்டேங்குது."

"ஆட்டுக்கு என்ன தெரியும்?"

"ஒன் வேலை பிடிக்கல போல."

சிரித்துவிட்டு வேனுக்குள் ஏறினேன்.

3. உள்ளே

மழைக்காகவும், வெளிச்சத்தம் வரக்கூடாது என்பதற்காகவும் கண்ணாடியை எல்லாம் ஏற்றியிருந்தாள். நான் ஏறியதும் கதவையும் சாத்தினாள். முகம் வெளுத்திருந்தது. மூன்று நாளாகத் தலைவலி, சரியாகத் தூங்கவில்லை என்றாள்.

ஹெட்போனை வாங்கி மாட்டினேன். ஒரு டாக்டர் இங்கிலீஷில் பேசினார். சுத்தமாகக் கேட்டது. இன்வெர்ட்டர் எர்த் பார்த்தேன். சரி. கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்தேன். சரி.

"ஒண்ணும் இல்லையேம்மா."

"ஹெட்போனக் கழட்டுனதுக்கு அப்புறந்தானுங்க பேசுது."

"என்னன்னு?"

"'எந்திரி'ங்குது. திரும்பத் திரும்ப அதையேதான். பின்னாடி சீட்டுல இருந்து."

பின்சீட்டில் ஒரு போர்வை மட்டும் கிடந்தது.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். வேலை ஓடவில்லை. ஒரே திருகை மூன்று முறை கழற்றி மாட்டியிருப்பேன். மணிக்கட்டில் பலம் இல்லை. செத்த நேரம் கண்ணை மூடலாம் போல இருந்தது. அப்போது காதுக்குப் பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

"எந்திரிப்பா."

திரும்பினேன். வனிதா மேஜையில் தலை சாய்த்திருந்தாள். உதடு அசையவில்லை.

குரல் வந்த பக்கம் குனிந்தேன். பின்சீட்டுக்கு அடியில் நான் கேபிள் விட்ட ஓட்டை. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். கை வைத்தேன். சூடாகக் காற்று வந்தது.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். கதவைத் திறந்து வனிதாவை இழுத்தேன். வரவில்லை. "முருகாயி" என்று கத்தினேன். அவள் ஓடிவந்து வனிதாவின் காலைப் பிடித்தாள். ஈர மண்ணில் கிடத்தினோம். மூச்சு இருந்தது. நான் வாந்தி எடுத்தேன்.

4. ஓட்டை

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வண்டிப் புகையில் உள்ள விஷவாயு என்றார் டாக்டர். அதற்கு வாசனை கிடையாது, இல்லாத சத்தமெல்லாம் கேட்க வைக்கும் என்றார். இன்னும் அரை மணி போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார்.

கேபிள் ஓட்டை பத்தொன்பது எம்எம். கேபிளைச் சுற்றி ஓட்டையை அடைக்கும் ரப்பர் வளையம் அந்த அளவில் அன்று பட்டறையில் இல்லை. டேப்பைச் சுற்றி, வேஸ்ட் துணியைத் திணித்து அனுப்பிவிட்டேன். துணி விழுந்துவிட்டது. நேர் கீழே புகை போகும் சைலன்சர் குழாயின் ஜாயின்ட். அது விரிசல் விட்டிருந்ததையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்றேன்.

"அப்ப அந்தக் குரல் புகைதானுங்களா?"

"டாக்டர் அப்படித்தாம்மா சொல்றாரு."

"எந்திரின்னு ஏனுங்க சொல்லோணும்? கொல்ல வந்த புகை."

எனக்கும் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. இதை எழுதும்வரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது எந்த ஓட்டைக்கும் வளையமும், இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசையும் வைக்காமல் வண்டியை வெளியே விடுவதில்லை. நிற்கிற வண்டியில் இன்ஜினை ஓட விட்டு, உள்ளே ஆள் இருந்து சார்ஜ் ஏற்றக்கூடாது என்று ஸ்டிக்கரும் ஒட்டுகிறேன். கேட்காவிட்டாலும் அந்த விஷவாயுவைக் காட்டும் அலாரம் மாட்டுகிறேன். கடைசியாக இன்ஜினை ஓட விட்டு, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் உள்ளே உட்காருகிறேன். அலாரம் கத்தவில்லை, யாரும் எந்திரிக்கச் சொல்லவும் இல்லை என்றால்தான் சாவியைக் கொடுக்கிறேன்.