வருக வருக, சற்றுப் பொறுக்கவும்

மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் கைபேசியின் திரையைத் துடைத்துவிட்டு, கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறார். திரையில் தெரியும் பக்கத்தின் பச்சை நிறம் இன்னும் சரியாக வரவில்லை. நேற்று வைத்த பச்சை ஆஸ்பத்திரிச் சுவர் போல இருந்தது. அதற்கு முந்தையது பாசி பிடித்த தொட்டி. புதிதாக வருகிறவரின் மனம் குளிரப் பச்சை எவ்வளவு பச்சையாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்குக் கொஞ்ச நாளாகச் சோறு தண்ணி இறங்கவில்லை. "பாத்த உடனே, அப்பாடா, நம்ம வீட்டுக்கு வந்துட்டோம்னு தோணணும்" என்பார். தோன்றுவதற்கு முதலில் யாராவது வர வேண்டும். அது வேறு விஷயம்.

பிழைப்பு கண்ணாடிக் கடையில். லென்ஸ் தேய்ப்பது, பிரேமில் பொருத்துவது, கோணிப்போன காதுக்கம்பியைச் சூடு காட்டி நிமிர்த்துவது. மற்ற நேரமெல்லாம் வண்ண மீன் வளர்ப்பவர்களின் இணையக் குழுவுக்கு. அங்கே அவருக்குப் பெயரே 'வரவேற்பு'. புதியவர்கள் உதவி கேட்க 'வரவேற்பறை' என்று ஒரு பக்கத்தை வடிவமைத்து, அதைக் கட்டிக் காத்து வருகிறார். யாரும் கொடுத்த பொறுப்பில்லை, தானே எடுத்துக்கொண்டது. அதனால்தான் அத்தனை சிரத்தை.

வரவேற்பறைக்குள் நுழைந்ததும் ஒரு தங்க மீன் கண்ணடித்து "வாங்க வாங்க!" என்கிறது. அடுத்து விதிமுறைகள். அதற்கடுத்து 'சக உறுப்பினரின் மீனையும் என் மீன் போல மதிப்பேன்' என்று ஓர் உறுதிமொழி. பிறகு அறிமுகம்: தொட்டியின் நீளம், அகலம், உயரம், வெயில் விழும் திசை, மீன்களின் செல்லப் பெயர்கள். தொட்டியைப் பக்கவாட்டில் படம் எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் திரும்பி வந்துவிடும். இத்தனையும் அவர் சாப்பாட்டு நேரத்தில் பார்த்து அனுமதித்த பிறகு, கேள்வி கேட்கும் பெட்டி திறக்கும். அதுவரை தங்க மீன் சலிக்காமல், "உங்கள் பொறுமைக்கு மீன்கள் சார்பில் நன்றி!" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதுவரை பெட்டி யாருக்கும் திறந்ததில்லை. "பாத்தீங்களா, எவ்ளோ சுத்தமா வச்சிருக்கேன்! ஒரு தூசு தும்பு கிடையாது" என்று பெருமைப்படுவார். ஆளே புழங்காத இடத்தில் தூசு எங்கிருந்து வரும் என்று அவரிடம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

மனைவிக்கு மட்டும் வந்தது. "கண்ணாடி உடைஞ்சு ஒருத்தர் தட்டுத் தடுமாறி உங்க கடைக்கு வந்தா, மொதல்ல உறுதிமொழி எடுங்கன்னா சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"அது கடை. இது சமூகம்" என்று பதில் வந்தது.

கடையில் அவர் வேறு ஆள். கதவு திறக்கும்போதே கை நீளும். திருகாணி விழுந்த கண்ணாடியை வாங்கி மாட்டி, வந்தவர் மூக்கிலேயே வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் "என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்பார்.

வரவேற்பறையை இப்படிக் கோட்டையாக்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் புதிதாகக் குழுவில் சேர்ந்தபோது முதன்முதலாகக் கேட்ட கேள்வி: "மீனுக்குத் தண்ணி தாகம் எடுக்குமா?" விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்கள் மழையாகக் கொட்டின. குழுவைத் தொடங்கிய பல் மருத்துவர், "எடுத்தா சோடா வாங்கிக் குடுங்க" என்று எழுதினார். 'சோடா எப்படி இருக்கு?' என்று பல நாள் கேட்டார்கள். மனிதர் குழுவைவிட்டே ஓடிப்போய், பல மாதம் கழித்துத்தான் திரும்பினார். "அந்த மாதிரி இன்னொருத்தர் மூஞ்சி சுண்டிப் போகக் கூடாதுங்க" என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். அந்த வலி நிஜமானது. யாரும் கேலிக்கு ஆளாகக் கூடாதென்றால், யாரும் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொள்வதே பத்திரம். அதை அவர் பிசகில்லாமல் சாதித்துவிட்டார்.

இந்தச் சாதனையில் பல் மருத்துவருக்குத்தான் திருப்தியில்லை. "ஒரே ஒரு ஆள் உள்ள வந்து உதவி வாங்கிட்டுப் போனதா காட்டுங்க. இல்லன்னா இந்த மாசத்தோட மூடிடலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்துதான் இந்தப் பச்சை ஆராய்ச்சி.

இப்படிப் பச்சையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அனுமதிக்குக் காத்திருக்கும் அறிமுகம் ஒன்று வந்து நின்றது. கூரியர் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண். தொட்டியின் நீளம் என்ற கட்டத்தில், "மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது, யாராவது சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். 'நீளத்தை எண்ணில் குறிப்பிடவும்' என்று புன்னகைத்தது தங்க மீன். அகலத்தில், "ஒண்ணு சாஞ்சிடுச்சு." உயரத்தில், "ப்ளீஸ்."

கடையில் இதைப் படித்தவர் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். எதிரே ஒருவர் கண்ணாடிக்காகக் காத்திருந்தார். "ஒரு நிமிஷங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பதிவில் கட்டாயம் என்று தானே வைத்திருந்த கைபேசி எண்ணைத் தேடி அழைத்தார்.

"என்ன பண்ணீங்கம்மா தொட்டிய?"

"அழுக்கா இருந்துச்சு சார். சோப்பு போட்டு நல்லா தேய்ச்சு, குழாய்த் தண்ணி ஊத்தினேன்."

"நேத்துப் புடிச்சு வச்ச தண்ணி இருக்கா வீட்ல? சோப்பு படாத வாளியா?"

"இருக்கு சார்."

"மீன உடனே அதுல மாத்துங்க. டம்ளரால மொண்டு மொண்டு ஒசரத்துலருந்து ஊத்துங்க, தண்ணில காத்து கலக்கட்டும். நிறுத்தாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

காத்திருந்தவர் கடிகாரத்தைப் பார்க்க, இவர் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு தண்ணீர் விழும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். சாய்ந்த மீன் பிழைக்கவில்லை. மற்றவை மெல்லக் கீழே இறங்கி நீந்தத் தொடங்கின.

"சார், இத குழுவுல போட்டுடாதீங்க" என்றார் அந்தப் பெண். "சோப்பு போட்டேன்னு தெரிஞ்சா சிரிப்பாங்க. மீன் வித்தவர்தான் அப்படிக் கழுவச் சொன்னாரு. எங்க ஆபீஸ்லயே இன்னும் ரெண்டு பேர் அவர்கிட்ட வாங்கியிருக்காங்க, அவங்களும் இந்தக் குழுவுல இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லவும் வெக்கமா இருக்கு."

"போட மாட்டேம்மா" என்றார். பல் மருத்துவரிடம் காட்டத் தேடிய அந்த ஒரே ஆள் கையில் கிடைத்து, கைவிட்டும் போயாயிற்று.

கண்ணாடியை மாட்டி ஆளை அனுப்பிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த இரண்டு பேரும் எந்த நேரம் சோப்பை எடுப்பார்களோ! வரவேற்பறையில் எழுதினால் ஈ காக்கைகூடப் படிக்காது. எல்லோரும் கூடிக் கும்மாளமடிக்கும் பொதுப் பக்கத்துக்குப் போய், தன் பெயரிலேயே எழுதினார்: "தொட்டிய சோப்பு போட்டுக் கழுவிட்டேன். மீன் வாயப் பொளக்குது. என்ன பண்ணணும்?" அறிமுகம் இல்லை, உறுதிமொழி இல்லை, பக்கவாட்டுப் படமும் இல்லை.

சிரிக்கும் முகங்கள் திரண்டு வந்தன. "வரவேற்புத் துறையே இப்படியா? ஷாம்பூ போடலையா?" என்று பல் மருத்துவர் எழுதினார். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே நாலைந்து பேர் செய்ய வேண்டியதை வரிசையாக, சரியாக எழுதியிருந்தார்கள்.

முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றையும் படித்தார். காது மடல் சிவந்திருந்தது. "ஷாம்பூவும் போட்டேன் டாக்டர்" என்று பதில் எழுதிவிட்டு, அந்தப் பதிவை அத்தனை சிரிப்போடும் சேர்த்துக் குழுவின் முகப்பில், வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி நிறுத்தி வைத்தார்.